மூன்றரை மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவே

புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு நடக்கிற நாளில் வரப்போரத்துப் பூவரச மரத்தை ஒருமுறை பார்த்தால் போதும். சேற்றில் இறங்கியிருக்கும் பெண்களில் எத்தனை பேர் கைக்குழந்தைக்காரிகள் என்று தெரிந்துவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட நூல்புடவையில் ஏணை தொங்கும். துணி இரண்டு பக்கமும் சேர்ந்து குழந்தையின் முகத்தை மூடிவிடாதபடி, தலைக்கு மேலே குறுக்காக ஒரு குச்சியைச் செருகியிருப்பார்கள். அந்தக் குச்சி இல்லாமல் ஏணை கட்ட எந்தக் கிழவியும் விடமாட்டாள். ஆட்டிவிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இடுப்பு வளைந்து இனி நடவுக்கு ஆகாத ஆயா இருப்பார்; அவரும் இல்லாவிட்டால், பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் ஒரு அக்கா.

நடவு இயந்திரம் வந்தபின் இந்தக் காட்சி குறைந்துவிட்டது. பெண்களின் வேலை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை, நகரத்துத் துணிக்கடை, கட்டட வேலை, வீட்டு வேலை என்று காலையில் வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண்கள். அவர்கள் போகும் இடங்களில் ஏணை கட்ட மரம் கிடையாது.

குழந்தை பெற்ற குடும்பத்துக்கு அரசு பணம் தருகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கன்வாடி வைத்திருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் இந்தப் பணம் எந்த நாளோடு முடிகிறது, அந்த அங்கன்வாடி எந்த நாளில் தொடங்குகிறது என்று நாட்காட்டியை வைத்துப் பார்த்தால், நடுவில் ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடம் யார் கணக்கிலும் இல்லாமல் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

முதலில் பணம். பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 2017 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். ஆரம்பத்தில் மூன்று தவணையாக வந்தது. 2022 ஏப்ரலில் திருத்தியபின் இரண்டு தவணை. கர்ப்பத்தைப் பதிவு செய்து ஒரு பரிசோதனையாவது முடித்திருந்தால் 3,000. குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து, முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்தால் 2,000. அந்த முதல் சுற்று என்பது ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் ஊசிகள். ஆக, குழந்தைக்கு மூன்றரை மாதம் ஆகும்போது அரசின் கடைசித் தவணைக்கும் தகுதி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தாய்க்கென்று அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.

இந்த 5,000 எங்கிருந்து வந்த எண்? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற, பாலூட்டும் தாய் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி உரிமை என்று எழுதியது. நான்கு ஆண்டு கழித்து வந்த திட்டம் 5,000 என்றது. மருத்துவமனைப் பிரசவத்துக்காகத் தரும் ஜனனி சுரக்ஷா உதவியையும் கூட்டிக்கொண்டால் சராசரியாக 6,000 ஆகிவிடும் என்பது அரசின் விளக்கம். புதுச்சேரி போன்ற இடத்தில் கிராமப்புற ஏழைப் பெண்ணுக்கு அந்த உதவி 700 ரூபாய். சராசரி என்ற சொல் எங்கெல்லாம் பயன்படும் பாருங்கள்!

ரூபாயாகப் பார்த்தால் பெரிதா சிறிதா என்று சண்டை போடலாம். நாளாகப் பார்ப்போம். நடவுக் கூலி ஊருக்கு ஊர் மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் அரசே நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அது ஒரே தொகை. 2013-14இல் நாளொன்றுக்கு 148 ரூபாய். சட்டம் சொன்ன 6,000 அப்போது 40 நாள் கூலி. 2017-18இல் கூலி 205. திட்டம் தந்த 5,000 அப்போது 24 நாள் கூலி. 2025-26இல் கூலி 336. அதே 5,000 அந்த ஆண்டில் 15 நாளைக்குக்கூடச் சற்றுக் குறைவு. 2017க்குப் பிறகு யாரும் தொகையைக் குறைக்கவில்லை. உத்தரவு போட்டுக் குறைத்திருந்தால் கேள்வி எழுந்திருக்கும். விலைவாசியிடம் விட்டுவிட்டதால் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது.

பிரசவமான உடம்பைப் ‘பச்சை உடம்பு’ என்று சொல்வார்கள் நம் வீடுகளில். பச்சை உடம்போடு தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, குளிர்ந்த காற்று படக்கூடாது, மூன்று மாதமாவது வேலைக்கு அனுப்பக்கூடாது என்று பாட்டிமார் வகுத்த கட்டுப்பாடு ஒரு பக்கம். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது என்ற மருத்துவ அறிவுரை இன்னொரு பக்கம். இரண்டில் எதைக் கடைப்பிடித்தாலும் 15 நாள் கூலி எட்டாது.

ஒப்பிட ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை செய்யும் பெண்ணுக்கு மகப்பேற்று விடுப்பு 26 வாரம். 2017இல் 12 வாரத்திலிருந்து உயர்த்தினார்கள். அந்த 26 வாரமும் முழுச் சராசரிக் கூலி. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 72,000. அதே தெருவில், அதே மாதத்தில் பிள்ளை பெற்ற களையெடுப்புக்காரப் பெண்ணுக்கு 5,000. இருவர் உடம்பும் ஒன்றுதான், இருவர் குழந்தைக்கும் பசி ஒன்றுதான். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஒப்பந்தக்காரர் வழியாக, பிடித்தம் இல்லாமல் அதே தொழிற்பேட்டைக்குள் நுழையும் பெண்கள் இரண்டாமவரின் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

*

புதுச்சேரியின் வரைபடத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஒரே துண்டு நிலம் அல்ல. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் விட்டுப்போன கிழிந்த துணி மாதிரி, நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள். பேருந்தில் போனால் கால் மணி நேரத்தில் இரண்டு முறை மாநிலம் மாறுவீர்கள். மதுக்கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கம் தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். வில்லியனூர் கொம்யூனின் வடக்கே வானூர் வட்டம்.

பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. கடலூர்ப் பக்கத்துப் பெண் பாகூருக்கு மருமகளாக வருவாள். வில்லியனூர்ப் பெண் வானூர்ப் பக்கம் போவாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து, வண்டியேறித் தாய் வீட்டுக்குப் போகிறவள் கையில் தாய்-சேய் அட்டை ஒரு அரசாங்கத்துடையது. அங்கே ஊசி போடும் நர்சம்மா இன்னொரு அரசாங்கத்தைச் சேர்ந்தவர். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும், ஜிப்மரிலும் பிரசவ வார்டில் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துத் தாய்மார்கள் எப்போதும் உண்டு. பிறப்பு எங்கே நடந்ததோ அந்த நகராட்சியோ கொம்யூனோதான் பிறப்புச் சான்றிதழ் தரவேண்டும். ஜிப்மரில் பிறந்தால் உழவர்கரை நகராட்சி, கடலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தால் கடலூர் மாநகராட்சி. இரண்டாம் தவணைக்கு அந்தச் சான்று வேண்டும். பச்சை உடம்புக்காரி போக முடியாது. கணவன் ஒரு நாள் கூலியை விட்டுப் போய் வாங்கி வரவேண்டும். 2,000 ரூபாய்த் தவணையில் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அங்கேயே கழிந்துவிடும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் தொகையே வேறு. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் எண்பதுகளின் இறுதியில் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000, 2018இல் 18,000. இதில் 14,000 ரொக்கம். மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில் முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு; பிறந்தது ஆணா பெண்ணா என்ற கேள்வி இல்லை. கடைசித் தவணை குழந்தையின் ஒன்பதாம் மாத ஊசி வரை நீள்கிறது. மத்தியத் திட்டத்தின் பணமும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நம் கூலி அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். 2011-12இல் நாள் கூலி 119. 12,000 ரூபாய் அப்போது ஏறக்குறைய நூறு நாள் கூலி. 2025-26இல் 18,000 என்பது 53 நாள். தமிழ்நாட்டிலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. தேய்ந்தும் புதுச்சேரிப் பக்கத்தைவிட மூன்றரை மடங்கு இருக்கிறது.

புதுச்சேரியில் ஆதிதிராவிடர் குடும்பங்களின் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கு அத்துறை வழியாகத் தனி உதவி உண்டு; அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மற்ற ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் மத்தியத் திட்டத்தோடு நிற்கின்றன. அதில் இரண்டாவது குழந்தைக்கு 6,000 ரூபாய் ஒரே தவணையாக உண்டு, ஆனால் அது பெண்ணாக இருந்தால் மட்டும். நோக்கம் புரிகிறது. பெண் சிசுவை வேண்டாமென்று தள்ளுகிற வட மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி. 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள் இருந்த புதுச்சேரிக்கு அது எப்படிப் பொருந்தும்? அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. மகப்பேற்று உதவி என்பது பிள்ளை பெற்றவளின் உடம்பு தேறவும் அவள் இழந்த கூலிக்கும் தருவது. இரண்டாவதாகப் பையனைப் பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டாமா? தாய்க்குத் தரும் பணத்தைக் குழந்தையின் பாலினத்துக்குத் தரும் பரிசாக மாற்றிய இடத்தில் அந்தத் திட்டத்தின் பெயரும் பொருளும் பிரிந்துவிட்டன.

*

இனி இரண்டாவது பாதி. மூன்றரை மாதம் முடிந்தபின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

இந்தப் பக்கத்துப் பேச்சில் பாட்டிக்கு ‘ஆயா’ என்று பெயர். அங்கன்வாடி உதவியாளருக்கும் ‘ஆயா’தான். சொல் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். வேலையும் ஒன்றாக இருக்கிறது. ஒருவருக்குச் சம்பளம் இல்லை. இன்னொருவருக்கு வருவதற்குச் சம்பளம் என்ற பெயர் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் உயர்த்திய பிறகு உதவியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 2,250, பணியாளருக்கு 4,500. மாநில அரசுகள் தம் பங்குக்கு மேலே கூட்டிக் கொடுக்கின்றன.

முதல் ஆயாவைப் பற்றித் திட்டம் தீட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கற்பனை பழையது. ஐம்பத்தைந்து வயதுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பார் என்ற எண்ணம். பாகூரில் அந்த வயதுப் பெண்தான் களையெடுக்கப் போகிறார். இளையவர்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போய்விட்டதால் வயல்வேலை இப்போது ஆயாமார்களின் தலையில் விழுந்திருக்கிறது. ஆக, மருமகள் வேலைக்குப் போகவேண்டுமானால் மாமியார் வேலையை விடவேண்டும். குடும்பத்தில் ஒரு கூலி எப்படியும் நிற்கும். எந்தக் கூலி சிறியது என்று பார்த்து அதை நிறுத்துகிறார்கள். ‘பாட்டி பார்த்துக்கொள்வாள்’ என்பதை இலவசம் என்று எழுதுகிற ஒவ்வொரு ஆவணமும் இந்தக் கணக்கை மறைக்கிறது.

இரண்டாம் ஆயா இருக்கும் இடத்தைப் பற்றி. மக்கள் அதைப் பால்வாடி என்பார்கள். மராத்தி நாட்டில் தாராபாய் மோதக், அனுதாய் வாக் இருவரும் போர்டி என்ற கடலோர ஊரில் 1940களில் தொடங்கிய வேலையிலிருந்து வந்த பெயர் அது. ‘பால்’ என்றால் அங்கே குழந்தை. தமிழ்க் காதுக்கு அது குடிக்கிற பாலாகக் கேட்டது. கேட்டதில் தப்பில்லை. தாய்மார்களைப் பொறுத்தவரை அது சத்துமாவும் முட்டையும் கிடைக்கிற இடம்.

ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் விதிப்படி அங்கன்வாடி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. எழுத்தில் அப்படி. நடைமுறையில் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துமாவு, எடை பார்த்தல், ஊசி நாள் நினைவூட்டல், அவ்வளவுதான். உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது மூன்று வயதுக்கு மேல்தான். உணவுக்கு மத்திய அரசு 2017இல் வகுத்த தொகை குழந்தை ஒன்றுக்கு நாளைக்கு 8 ரூபாய், தாய்மார்களுக்கு 9 ரூபாய் 50 காசு. 8 ரூபாய்க்கு வில்லியனூர்க் கடையில் ஒரு டீ வாங்க முடியுமா என்று கேட்பது மலிவான கேலி. மொத்தக் கொள்முதலில் விலை வேறு. ஆனால் 2017இல் போட்ட எட்டு எட்டாகவே நிற்பதற்கு அந்தச் சமாதானமும் போதாது.

ஒரு பணியாளர், ஓர் ஆயா. சமைப்பது, எடை எடுப்பது, செல்போன் செயலியில் ஏற்றுவது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, மாத்ரு வந்தனா விண்ணப்பத்தை நிரப்புவது எல்லாம் இந்த இருவர் தலையில். பாடம் சொல்லித்தர நேரம் எங்கே? தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் நடத்திய சோதனை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில், அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரே ஓர் ஆள் போட்டார்கள். பாடத்துக்கான நேரம் இரு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். எதிர்பாராதது அடுத்தது: வளர்ச்சிக் குறைபாடும் கடும் சத்துக்குறைவும்கூடக் குறைந்தன. புதிய ஆள் பாடம் நடத்தியதால் பழைய பணியாளருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. கட்டடம், பொம்மை, செயலி எதுவும் மாறாமல் ஓர் ஆள் கூடியதில் கிடைத்த பலன் இது. புதுச்சேரி அங்கன்வாடிகளும் அதே அச்சில் வார்த்தவைதான்.

மூன்று வயது ஆனதும் பெற்றோருக்கு ஒரு தேர்வு வருகிறது: பால்வாடியா, அரசுப் பள்ளியின் எல்.கே.ஜி.யா, தனியார் நர்சரியா? ஆங்கில மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. பால்வாடி மதியச் சாப்பாட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடும். தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் காலை எட்டேகாலுக்கு வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு மாலை நாலுக்குத்தான் இறக்கும். வேலைக்குப் போகும் தாய் வாங்குவது அந்த எட்டு மணி நேரத்தை. பள்ளிக் கட்டணம் என்ற பெயரில் அவர் கட்டுவதில் பெரும் பகுதி குழந்தைக் காப்பகக் கட்டணம்தான். அங்கன்வாடியில் குழந்தைகள் குறைகிறார்கள் என்று கவலைப்படும் அதிகாரிகள் பாடத்திட்டத்தை மாற்றிப் பார்க்கிறார்கள்; பூட்டும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

பின்லாந்தில் 1990 முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோர் இரண்டில் ஒன்றை உரிமையாகக் கேட்கலாம்: ஊராட்சியின் காப்பகத்தில் இடம், அல்லது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதாந்திர உதவித்தொகை. அதனால் தாய்மார்கள் நெடுநாள் வேலைக்குத் திரும்புவதில்லை என்ற விமர்சனம் அங்கே உண்டு. இருக்கட்டும். தேர்வு என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு கால்கள் இருக்கின்றன. நம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்குக் காப்பகமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அவள் வீட்டில் இருப்பதைத் ‘தேர்வு’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்க வேண்டும்.

*

காப்பகம் என்பது நமக்குப் புதிய சிந்தனை அல்ல. ‘க்ரெஷ்’ என்ற சொல்லே பிரெஞ்சு. பாரிஸில் 1844இல் ஃபிர்மன் மர்போ என்பவர் கூலிக்காரத் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காக முதல் க்ரெஷ்ஷைத் திறந்தபோது பாண்டிச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கொம்யூன் என்ற ஏற்பாட்டை 1880இல் இங்கே கொண்டுவந்து நட்ட பிரெஞ்சுக்காரர்கள் க்ரெஷ்ஷைக் கிராமத்துக்குக் கொண்டுவரவில்லை. அந்தச் சொல் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு, இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் விதியாக, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962க்குப் பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தது. பிற்பாடு திருத்தியபின், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பக அறை இருக்கவேண்டும் என்றது அந்த விதி. 2017இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றது. எண்ணிக்கையை வாசற்படியாக வைத்த சட்டங்கள் இவை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் 49 பேரோடு நின்றுகொள்வதும், மீதிப் பேரை ஒப்பந்தக்காரர் கணக்கில் எழுதுவதும் முதலாளிக்குக் கடினமான காரியம் இல்லை. வயலுக்கு இந்தச் சட்டம் பேச்சுக்கும் இல்லை.

வயலுக்குப் பக்கத்தில் வந்தது நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும். அவருக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே கூலி தரவேண்டும் என்று அது எழுதியிருந்தது. இந்திய அரசு ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலை, அதற்கும் முழு நாள் கூலி’ என்று சொன்ன அபூர்வமான இடம் அது. ஏரிக்கரையில் மண் வெட்டும்போது மர நிழலில் ஒரு தார்ப்பாயும், பானையில் தண்ணீரும், ஒரு பாட்டியும் இருந்தாலே அந்த விதி நிறைவேறியதாகிவிடும்.

கர்நாடகம் 2023இல் அந்த விதியை ஒரு படி மேலே கொண்டுபோனது. ‘கூசின மனே’, அதாவது குழந்தை வீடு, என்ற பெயரில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்கள் அறிவித்தது. வேலை அட்டை வைத்திருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பராமரிப்பாளராக வைப்பது அதன் அடிப்படை. மத்திய அரசும் 2022இல் பழைய காப்பகத் திட்டத்தைப் ‘பால்னா’ என்று பெயர் மாற்றி, அங்கன்வாடியோடு ஒட்டிய 17,000 காப்பகங்கள் என்ற இலக்கை வைத்தது.

வில்லியனூருக்கு இந்த விஷயத்தில் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. நெல் விலை, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை நிலவரம், எந்தெந்த அரசு உதவிக்கு யார் யார் தகுதி என்ற பட்டியல் எல்லாம் அங்கே பலகையில் எழுதிப்போட்டார்கள், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி 1972இல் தந்த அறிக்கைதான், 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஐ.சி.டி.எஸ்.ஸுக்கு முன்னோடி ஆவணங்களில் ஒன்று. காப்பகம் என்றால் தாயின் வேலை, குழந்தையின் வளர்ச்சி, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அக்காவின் படிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே கேள்வி என்று கடைசிவரை வலியுறுத்தியவர் அவர். திட்டம் வந்தபோது குழந்தையின் சத்துணவு தங்கிற்று. தாயின் வேலை நேரமும் அக்காவின் பள்ளி நேரமும் வழியில் உதிர்ந்துவிட்டன.

காப்பகத்துக்குப் பதிலாகப் பணத்தையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். பணமா, பொருளா என்ற சண்டையைப் புதுச்சேரி அளவுக்கு அனுபவித்துத் தெரிந்துகொண்ட இடம் நாட்டில் குறைவு. 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முன்னோட்டம் இங்கே தொடங்கியது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. பணம் வந்த மாதமும் உண்டு, தாமதமான மாதமும் உண்டு. வெளிச் சந்தையில் அரிசி விலை பணத்தைத் தாண்டிப் போனது. அரிசியையே கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டு, 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால் கடைகள் திரும்பத் திறந்தன. அரிசிக்காவது ஊரில் மளிகைக்கடை இருந்தது. காப்பகத்துக்கு அதுவும் இல்லை. கையில் பணம் இருந்தாலும் கூடப்பாக்கத்திலோ சேலியமேட்டிலோ எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுபோய் விட ஓர் இடம் வேண்டுமே.

அந்த இடத்தைக் கேட்டு வாங்க ஊருக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்கள்தான் நடத்திவந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். காப்பகம் வேண்டும் என்பது மனு கொடுத்துத் தீர்கிற விஷயம் இல்லை. இடம் பார்த்து, ஆள் பார்த்து, நேரம் முடிவு செய்து, ஊர் கூடிப் பேசவேண்டிய விஷயம்.

செலவு எவ்வளவு ஆகும்? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊருக்கு ஒரு காப்பகம், மூன்று வயதுக்குட்பட்ட 15 குழந்தைகள், மாதம் 26 நாள், இரண்டு பெண்கள். இருவருக்கும் அரசின் 2025-26 நாள் கூலியான 336 ரூபாய்: மாதம் 17,472 ரூபாய். குழந்தைக்கு 1,165. அங்கன்வாடி உணவுத் தொகை நாளைக்கு 8 ரூபாய் வீதம் 208. கூட்டினால் குழந்தை ஒன்றுக்கு மாதம் 1,373 ரூபாய்.

பெண் குழந்தை பிறந்தால் அதன் பெயரில் வங்கியில் 50,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டத்தைப் புதுச்சேரி அரசு 2023இல் அறிவித்தது. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு கைக்கு வரும் பணம் அது. அந்த 50,000ஐ 1,373ஆல் வகுத்தால் 36 மாதம் வருகிறது. பிறந்த நாள் முதல் மூன்று வயது நிறையும் வரை. என் கணக்கில் வாடகை, பாய், பாத்திரம், கழிப்பறை, பயிற்சி, விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் எதுவும் சேரவில்லை. சேர்த்தால் தொகை கூடும். சமுதாயக் கூடத்தில் ஓர் அறையும் ஏரிப் பக்கம் ஜன்னலும் கிடைக்கிற ஊரில் கொஞ்சம் குறையும்.